லயத்துக்குச் சொன்ன திகதி

மூன்று வருடத்துக்கு முன்னால், தீபாவளி முடிந்த வாரம் நடந்தது இது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வரிசையில் அம்மாவின் வீட்டில், தலைப்பிரசவத்துக்காக வந்து உட்கார்ந்திருந்தேன். என்னைக் கட்டிக்கொடுத்தது மஸ்கெலியாவில். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை. ஏழாம் மாதம் கை நிறைய வளையல் அடுக்கி அனுப்பிவைத்தார்கள். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஆனால் எந்த ஆஸ்பத்திரி என்பதற்கு வழக்கம் ஒன்றும் கிடையாது பாருங்கள், அதனால் ஆளுக்கொன்று சொன்னோம்.

அம்மாவுக்கு பஜாரில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிதான் ஆஸ்பத்திரி. நான் பிறந்தது அங்கேதான், எனக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்பார். குறைந்தது என்ன என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் ஒரு பட்டியலே போடுவார், அது வேறு கதை. அவருக்குக் கண்டியில் பிரைவேட் ஆஸ்பத்திரி பார்க்க ஆசை. கூட வேலை செய்கிற யாரோ சொல்லிவிட்டார்களாம். எனக்கு ஹட்டன் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும். அங்கே ஒப்பரேஷன் தியேட்டர் உண்டு, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் எடுக்காது. கோயில் மேட்டில் ஏறி நின்றுதான் பேச வேண்டும். வயிற்றைத் தூக்கிக்கொண்டு தினமும் அங்கே போய் நின்று வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன். சாமிக்கே காது வலித்திருக்கும்.

சண்டையை முடித்துவைத்தது மிட்வைஃப் மிஸ். அந்த மாதம் வீட்டுக்கு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர், பிள்ளை இன்னும் திரும்பவில்லை, கால்தான் கீழே இருக்கிறது என்றார். கிளினிக்கில் டொக்டரும் அதையே சொன்னார். வலி வரும்வரை வீட்டில் காத்திருக்கக் கூடாது, வருகிற திங்கட்கிழமையே பெரிய ஆஸ்பத்திரி வார்ட்டில் போய்ப் படுத்துவிட வேண்டும், எங்கள் ரோட்டை நம்பிப் பிள்ளை பெற முடியாது என்று இரண்டு பேரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். கால் கீழே இருக்கிறது என்பதன் பயம் அப்போது உறைக்கவே இல்லை.

அம்மாவின் கவலை வேறு. பிரசவத் திகதியை ஊருக்குச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அதனால் லயத்தில் யார் கேட்டாலும் கார்த்திகை தீபம் முடிந்துதான் என்று ஒரு மாதம் தள்ளியே சொல்லிவைத்திருந்தார். மிட்வைஃப் மிஸ் வந்தால் முதலில் கதவைச் சாத்துவார். எனக்காக வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றாரே, அதற்கும் கங்காணியிடம் முழங்கால் வலி என்று ஒரு பொய். பொய்க்கு ஏற்ற மாதிரி தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும்போதெல்லாம் கொஞ்சம் நொண்டவும் செய்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

இவ்வளவும் முக்கியமாக ஒருவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான். பக்கத்து வீட்டு அக்கா. நாற்பது வயதைத் தாண்டியவர். புருஷன் இறந்து பல வருடம், பிள்ளை இல்லை, தனியாக இருந்து கொழுந்து பறிக்கப் போய்வருவார். அவர் வாசலில் வந்து நின்றால் சில வீடுகளில் தொட்டில் துணியை இழுத்து மூடுவார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அவர் எதிரே வந்தால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். அதெல்லாம் அவருக்கும் தெரியும். அதனால் அவரே ஒதுங்கித்தான் நடப்பார். அம்மா கெட்ட மனசுக்காரர் இல்லை, பயந்த மனசுக்காரர். என்னைப் பெற்றதோடு சரி, வேறு பிள்ளை தங்கவில்லை. அந்தப் பயம் யார் மேலாவது போய் உட்கார வேண்டுமே, அது அக்கா மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு பக்கம் தும்மினால் மறுபக்கம் கேட்கிற லயத்துச் சுவரை வைத்துக்கொண்டு அம்மா அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார்.

தீபாவளி லீவு முடிந்து, கொழும்பில் வேலை செய்கிற பொடியன்கள் எல்லாரும் திரும்புகிற நேரம். எங்கள் லயத்தில் வேன் வைத்திருப்பவர் ஒருவர்தான். அவர் வெள்ளிக்கிழமை விடிய அவர்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டார். என் வீட்டுக்காரரும் அதே வேனில்தான் போனார். வேலையில் தலையைக் காட்டிவிட்டு ஞாயிறு பஸ் ஏறி வந்துவிடுவதாக ஏற்பாடு. வேன்காரருக்காவது உண்மையைச் சொல்லி நிற்கச் சொல்லலாம் என்று முதல் நாளே அம்மாவிடம் கெஞ்சினேன். "அவன் பொண்டாட்டி வாயும் ஒண்ணு, ஊரு வாயும் ஒண்ணு. நீ சும்மா இரு, திங்கக்கெழம வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்று அடக்கிவிட்டார்.

அன்றைக்கு மத்தியானமே தண்ணீர்க்குடம் உடைந்தது.

அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். காலோடு வெதுவெதுப்பாக ஓடியதும் முதலில் எனக்கு விளங்கவில்லை. அடுத்த நொடி, கால் கீழே இருக்கிறது என்ற வார்த்தை மட்டும் தலைக்குள் வந்து நின்றது. அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு வேன்காரர் வீட்டுக்கு ஓடினார். நொண்டலை எல்லாம் மறந்துவிட்டார். வேன் அப்போது கொழும்பைத் தொட்டிருக்கும். அவர் மனைவி, கார்த்திகைக்கு அப்புறம் என்றுதானே சொன்னீர்கள் என்று வாயில் கை வைத்துவிட்டார். அம்மா வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தாரே தவிர என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு இடுப்பைச் சுற்றி வலி இறுக்க ஆரம்பித்திருந்தது.

மத்தியானக் கொழுந்தை மடுவத்தில் எடை போட்டுவிட்டுப் பெண்கள் சாப்பாட்டுக்கு லயத்துக்கு ஏறி வருகிற நேரம் அது. முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. தலையில் கட்டின துணிகூட அவிழ்க்கவில்லை. வழக்கம்போல் எங்கள் வாசலைப் பார்க்காமல் தாண்டினவர், என் முனகலைக் கேட்டு நின்று திரும்பிப் பார்த்தார். அம்மா அப்போதுகூட என்ன சொன்னார் தெரியுமா? "ஒண்ணுமில்ல, சாப்பாடு ஒத்துக்கல, வயித்து வலி." எனக்கு வந்த ஆத்திரத்தில் வலியே மறந்துபோனது.

அக்கா என் நனைந்த பாவாடையைப் பார்த்தார். கையிலிருந்த சாப்பாட்டுப் பையை அப்படியே திண்டில் வைத்துவிட்டு, வந்த வழியே கீழே ஓடினார். மழைக்கு வழுக்குகிற படி அது. இறங்குவதற்கே நாங்கள் பயப்படுவோம். மடுவத்தில் கொழுந்தை ஏற்றி முடித்து லொறி கிளம்புகிற நேரம் என்பது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அது போய்விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. லொறி ஹார்ன் சத்தம் கேட்டது. பிறகு இன்ஜின் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் நின்றபோது எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது!

பிளாஸ்டிக் கதிரையில் என்னை உட்காரவைத்து நாலு பெண்கள் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். மகராணிக்குக்கூட அப்படி ஒரு ஊர்வலம் கிடைத்திருக்காது, ஆனால் எந்த மகராணியும் அப்படிக் கத்தியிருக்க மாட்டாள். லொறிக்குள் பச்சைக் கொழுந்து மூட்டைகளைச் சரிசெய்து, அதன் மேல் ஒரு சேலையை விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். அம்மா தலைமாட்டில், அக்கா கால்மாட்டில்.

தோட்டத்து ரோடு மெயின் ரோட்டில் சேருகிற சந்தியில் லொறிக்கார அண்ணன் பிரேக் போட்டுவிட்டுக் கேட்டார்.

"எந்தப் பக்கம் போறதுங்க? பஜாருக்கா, ஹட்டனுக்கா?"

ஒரு மாதம் சண்டை போட்ட கேள்வி, நடுரோட்டில் வந்து நின்றது. பஜார் கிட்டத்தில்தான். ஹட்டன் என்றால் அந்த லொறியில், அந்த வளைவுகளில், ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அம்மா பஜாருக்கே விடச் சொன்னார். அக்கா அம்மாவைப் பார்த்து, "சின்னம்மா, புள்ள எப்படி இருக்குன்னு மிட்வைஃப் மிஸ் சொன்னாங்க? தல கீழதான?" என்று கேட்டார். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை மட்டும் இறுகியது. என் பிள்ளையின் நிலைமையை அக்கா முன்னால் வாய்விட்டுச் சொல்ல அந்த நேரத்திலும் அவருக்கு மனசு வரவில்லை.

"காலு கீழ இருக்கு அக்கா! காலு கீழ இருக்கு!" என்று நான்தான் கத்தினேன். லொறிக்காரர், ரோட்டில் நின்றவர்கள், எல்லாருக்கும் கேட்டிருக்கும். சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சந்தியில் சிக்னல் உண்டு. அக்கா என் போனை வாங்கி மிட்வைஃப் மிஸ்ஸுக்கு எடுத்தார். மிஸ் இரண்டே விஷயம் சொன்னார். என்னை எழுப்பவோ நடக்கவைக்கவோ கூடாது, இடுப்பு உயரமாக இருக்கும்படி படுக்கவைக்க வேண்டும். நேரே ஹட்டனுக்குப் போகக் கூடாது, சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும். வழியில் தொப்புள்கொடி இறங்கிவிட்டால் லொறியில் யார் பார்ப்பது? டொக்டருக்கு அவரே சொல்லி அம்புலன்ஸைத் தயாராக நிறுத்திவைப்பார். அக்கா ஒரு மூட்டையை இழுத்து என் இடுப்புக்குக் கீழே தள்ளினார். வண்டி பஜார் பக்கம் திரும்பியது. மூட்டைக்குள் கொழுந்து சூடாகி ஒரு பச்சை வாடை அடித்தது. இன்றைக்கும் மடுவத்தைத் தாண்டும்போது அந்த வாடை வந்தால் வேகமாக நடந்துவிடுவேன்.

சின்ன ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. டொக்டர் பார்த்தார், ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒப்பரேஷன்தான் என்றார். அம்புலன்ஸில் நர்ஸைத் தவிர ஒருவர்தான் கூட வரலாம். அம்மா ஏறப் போனார். கால் தூக்கிவைக்கிற தைரியம் அவருக்கு இல்லை. ஹட்டன் பஸ்ஸில் சும்மா போனாலே வாந்தி எடுக்கிறவர். சிங்களமும் வராது, நர்ஸ் பேசுவது ஒன்றும் விளங்காது. அக்கா கொஞ்சம் தள்ளி, சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தன்னைக் கூப்பிடுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

அம்மா திரும்பிப் போய் அக்கா கையைப் பிடித்தார்.

"நீ போ தாயி. எனக்குக் கை காலு ஓடல. எம்புள்ளய நீ பாத்துக்க."

நான் படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்குத் தெரியக் கூடாது என்று மாதக்கணக்காகக் கதவைச் சாத்தினாரோ, அவர் கையிலேயே அம்மா என்னைக் கொடுத்தார்.

அம்புலன்ஸ் புறப்பட்டதும் மழை பிடித்துக்கொண்டது. நீர்த்தேக்கத்தை ஒட்டின வளைவுகளில் பனி இறங்கி, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு லைட் மட்டும் தெரிந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து இரண்டு வண்டியும் முட்டுகிற மாதிரி நின்றன. பஸ் பின்னால் எடுக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். நர்ஸ் சின்னக் கருவி ஒன்றை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே வந்தார். குதிரை ஓடுகிற மாதிரி கேட்ட சத்தம், அந்த வளைவில் நின்றபோது, மெதுவானது. நர்ஸ் டிரைவரிடம் சிங்களத்தில் ஏதோ கடுமையாகச் சொன்னார். வேலைக்காரியாகக் கண்டியில் ஒரு வீட்டில் இருந்தவர் அக்கா, சிங்களம் நன்றாக விளங்கும். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தாயி, மழையாம், பாத்துப் போகச் சொல்றாங்க" என்றார். சொன்னது அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் என் தலையைப் பிடித்திருந்த பிடியில் நடுக்கமே இல்லை. அந்தப் பிடியை நம்பித்தான் மூச்சு விட்டேன்.

என் மனசை வேறு பக்கம் திருப்பத்தானோ என்னவோ, அப்போதுதான் அவர் பேசினார். "திங்கக்கெழம ஒன்னய கூட்டிட்டுப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். செவுத்துல கேக்குமில்ல. கேக்கக் கூடாதுன்னுதான் கேக்கல." பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு எனக்கு லொறி போயிருச்சு."

அவ்வளவுதான். அவருக்கு ஒரு பிள்ளை வயிற்றில் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பிறக்காத பிள்ளைக்கு லயத்தில் யாரும் கணக்கு வைப்பதில்லை, பிள்ளை இல்லாதவர் என்று ஒரே பேர்தான். மடுவத்துப் படியில் அவர் ஏன் அப்படி விழுந்தடித்து ஓடினார் என்பது விளங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கியதும் தள்ளுவண்டியில் நேரே தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் நான் கடைசியாகப் பார்த்தது, கதவுக்கு வெளியே, தலைத்துணியோடும் கொழுந்துக் கறை பிடித்த விரல்களோடும் நின்றுகொண்டிருந்த அக்காவைத்தான்.

கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை இருந்தது. பெண் பிள்ளை, முழுசாக, கோபமாக. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னாராம். அம்மாவும் வீட்டுக்காரரும் வந்து சேர்வதற்கு முன்பே, பார்க்கிற நேரத்துக்கு அக்காவை உள்ளே விட்டார்கள். கட்டில் கால்மாட்டிலேயே நின்றுகொண்டு என்னை மட்டும் பார்த்தார். பிள்ளை யாரைப் போல இருக்கிறது, சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"நான் பாக்கல தாயி."

எனக்கு விளங்கவில்லை. வார்ட் நர்ஸ்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். தியேட்டரிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியபோது, தாயின் அம்மா வரட்டும் என்று இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். பிடியுங்கள் என்று அதட்டியதும், இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு வாங்கினாராம். திரும்ப நர்ஸ் வாங்கும்வரை திறக்கவே இல்லையாம். நர்ஸுக்கு அது வேடிக்கை. ஊர் சொல்லிச் சொல்லி, தன் கண்ணுக்குத் தானே பயந்துபோயிருந்தார் அந்த மனுஷி.

"இங்க வாங்க அக்கா, பாருங்க" என்று நான் துணியை விலக்கினேன். அவர் வரவில்லை. நான் அழ ஆரம்பித்ததும்தான் வந்தார். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கொட்டாவி விட்ட பிள்ளையைப் பார்த்து, "ஆத்தி, இத்தன களேபரம் பண்ணிட்டு தூக்கம் வருதாக்கும்!" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். தையல் போட்ட இடத்தில் உயிர் போனது, ஆனாலும் சிரித்தேன்.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அன்று அம்மா காய்ந்த மிளகாயும் உப்பும் எடுத்தார், சுற்றிப்போட. பிள்ளையைக் கையில் வைத்திருந்தது நான். "அவ மடியில குடு" என்றார் அம்மா. அக்கா வாசலிலிருந்து உள்ளே வரத் தயங்கினார். அம்மா கையைப் பிடித்து இழுத்துவந்து நடுவீட்டில் உட்காரவைத்து, மடியில் பிள்ளையை வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று முறை சுற்றினார். "என்னத்துக்கு சின்னம்மா எனக்கு?" என்று அக்கா கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்: "ஊருக் கண்ணு பூரா இப்ப ஒம்மேலதான்டி இருக்கு." அடுப்பில் போட்ட மிளகாய் நெடியில் எல்லாரும் இருமினோம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெடியினால்தான் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

என் மகள் இப்போது அம்மா வீட்டுக்குப் போனால் பாதி நாள் பக்கத்து வீட்டில்தான் இருப்பாள். பிள்ளைத்தாய்ச்சிகள் யாராவது எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று என்னிடம் கேட்பதுண்டு. மிட்வைஃப் மிஸ் சொல்கிற இடத்துக்குப் போ, திகதியைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போ என்பேன். கண் படும் என்று யாரிடம் மறைத்தோமோ, அந்த அக்கா அன்று எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தால், மூடிவைக்க எங்கள் வீட்டில் ஒரு தொட்டிலே இருந்திருக்காது.